வெளியாட்கள் வந்தால் உள்ளூர்க்காரர் கூலி குறையுமா? அமெரிக்கக் கணக்கு

கேட்கப்பட்டது இரண்டு கேள்வி. அமெரிக்காவுக்கு வெளிநாட்டவர் நிறையப் பேர் வருவதால் அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளியின் வேலையும் சம்பளமும் நிஜமாகவே அடிபடுகிறதா, இல்லை அது வெறும் தேர்தல் நேரத்துப் பேச்சா? இது முதலாவது. கணினி போன்ற திறன் வேலைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்கிற எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்துவிட்டார்களே, அந்த வேலைகளெல்லாம் இனி அமெரிக்கர்களுக்குப் போய்விடுமா? இது இரண்டாவது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொன்னால், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. ஆனால் சில தொழில்களில், சில ஆட்களுக்கு அடி விழத்தான் செய்கிறது. எங்கே விழுகிறது என்று தேடிப்போனால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட அவர்கள் எந்த நிலையில் வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் கண்ணில் படுகிறது. முதலாளியை விட்டுப் போகவும் முடியாமல், புகார் சொல்லவும் முடியாமல் இருக்கிற ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்தினால், உள்ளூர்க்காரன் எதைச் சொல்லிப் பேரம் பேசுவான்? ஆனால் அங்கே இரு கட்சிகளும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் மல்லுக்கட்டுகின்றன.

எண்ணிக்கைச் சண்டையை முதலில் பார்த்துவிடலாம். பொருளாதார நிபுணர்கள் எப்போதும் இழுக்கிற உதாரணம் மயாமி. 1980 ஏப்ரலில் ஃபிடல் காஸ்ட்ரோ மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டு, போக நினைக்கிறவர்கள் போகலாம் என்றார். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் படகேறி ஃபுளோரிடாவில் இறங்கினார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மயாமியிலேயே தங்கிவிட்டார்கள். சில மாதங்களுக்குள் அந்த ஊரில் வேலைக்கு நிற்கிற கூட்டம் 7% கூடிவிட்டது. சாதாரணமாக, வேலை பெருகுகிற ஊரைத் தேடித்தான் ஆட்கள் போவார்கள். அப்போது சம்பளம் ஏறினால் அதற்கு யார் காரணம் என்று பிரிக்க முடியாது. இங்கே மயாமியில் வேலை இருந்ததா இல்லையா என்று பார்த்து யாரும் வரவில்லை. கதவு திறந்தது, வந்தார்கள். அதனால்தான் ஆய்வாளர்களுக்கு இந்தச் சம்பவத்தின் மேல் அவ்வளவு ஆசை.

பொருளாதார நிபுணர் டேவிட் கார்ட் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் மயாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா ஆகிய ஊர்களோடு ஒப்பிட்டார். படிப்பு குறைந்தவர்களின் சம்பளத்திலும் வேலையின்மையிலும் மரியேல் கூட்டத்தால் எந்த மாற்றமும் இல்லை, கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் இல்லை, ஏற்கெனவே வந்திருந்த கியூபர்களுக்கும் இல்லை என்று எழுதினார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் கட்டுரையும் பேசப்பட்டது. 2015இல் ஹார்வர்டின் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே சம்பவத்தை மறுபடி தோண்டினார். அவரே சிறுவயதில் கியூபாவிலிருந்து வந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் அல்லாத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார். அவர்கள் சம்பளம் 10 முதல் 30% வரை விழுந்திருக்கிறது என்றார். குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்கிறவர்கள் அன்று முதல் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அப்படிப் பிரித்த பிறகு அவர் எடுத்துக்கொண்ட அரசுக் கணக்கெடுப்பில் மயாமிக்கு மிஞ்சுவது வருடத்துக்குச் சில டஜன் பேர்கூட இல்லை. அதோடு மைக்கேல் கிளெமென்ஸ், ஜெனிஃபர் ஹன்ட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்களும் இன்னொன்றைக் கவனித்தார்கள். முன்பு கணக்கெடுப்பில் விடுபட்டுப்போன, வருமானம் குறைந்த கறுப்பின ஆண்கள் அதே வருடங்களில்தான் கூடுதலாகப் பட்டியலுக்குள் வந்தார்கள். கியூபர் ஒருவர்கூட வராமல் இருந்திருந்தாலும் அந்தப் பிரிவின் சராசரி இறங்கியிருக்கும். போர்ஹாஸ் இதை ஏற்கவில்லை. எனக்குக் கார்ட் பக்கம்தான் கனமாகத் தெரிகிறது. ஆனாலும் ஒரே ஒரு ஊர், அதுவும் அதே 1980 மே மாதம் பெரிய கலவரம் நடந்த ஊர். அதை வைத்து ஒரு நாட்டின் கொள்கைக்குச் சத்தியம் பண்ண முடியாது.

2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் பிரான்சின் பிளாவ் தலைமையில் ஒரு குழு வைத்து, இருக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தன. பத்து வருடம், அதற்கு மேல் என்று நீண்ட காலத்தில் பார்த்தால், உள்நாட்டினரின் ஒட்டுமொத்தச் சம்பளத்தில் பாதிப்பு மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் முடிவு. வருகிறவன் வேலை மட்டும் செய்வதில்லை. வீடு வாடகைக்கு எடுக்கிறான், சாப்பிடுகிறான், கார் வாங்குகிறான், அதில் நாலு பேருக்கு வேலை பிறக்கிறது. உள்ளூர்க்காரரும் ஆங்கிலம் பேசுவது கைகொடுக்கிற வேலைகளுக்கு, ஆட்களை மேய்க்கிற வேலைகளுக்கு நகர்கிறார். பாதிப்பு உண்டென்றால் முதலில் யாருக்கு? ஏற்கெனவே வந்து குடியேறியவர்களுக்குத்தான். அடுத்தபடியாகப் பள்ளி முடிக்காத உள்நாட்டினருக்கு. நேற்று வந்தவனுக்குப் போட்டி இன்று வருகிறவன். யாருக்கும் மேடையில் சொல்லப் பிடிக்காத உண்மை இது.

சரி, கதவை அடைத்தால் கூலி ஏறுமா? இதையும் அமெரிக்கா ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஆள் பஞ்சம் வந்தபோது, 1942 ஆகஸ்டில் மெக்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மெக்சிகோ ஆண்கள் சில மாத ஒப்பந்தத்தில் வந்து வயலில் வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். பிரசெரோ திட்டம் என்று பெயர். போர் முடிந்தும் திட்டம் முடியவில்லை. 1964 டிசம்பர் 31 வரை நீண்டது. அதற்குள் கையெழுத்தான ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. அந்த வட்டாரத்தில் நிலவுகிற கூலி தர வேண்டும், தங்க இடம் தர வேண்டும், உள்ளூர் ஆள் கிடைத்தால் அவருக்கே முதலிடம். நடந்தது வேறு. எல்லைச் சாவடியில் வரிசையாக நிறுத்தி டிடிடி பூச்சிமருந்துப் பொடியை மேலே அடித்தார்கள். ஆரம்ப வருடங்களில் கூலியில் 10% பிடித்தம் செய்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணம் பலர் கைக்கு வந்து சேரவேயில்லை. ‘நிலவுகிற கூலி’ எவ்வளவு என்பது பண்ணையார்கள் கூடிப் பேசி முடிவு செய்கிற தொகையாக இருந்தது. பிரசெரோ ஆள் யாரிடம் ஒப்பந்தமோ அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். வாயைத் திறந்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு.

கலிஃபோர்னியாவின் கீரை, சர்க்கரை பீட் வயல்களில் அன்று புழங்கிய ஒரு கருவியைச் சொன்னால் அந்த உலகம் புரியும். களை எடுக்கிற மண்வெட்டிதான், ஆனால் பிடி ஓரிரு அடிதான் இருக்கும். முதுகை இரண்டாக மடித்துக்கொண்டு நாள் முழுக்க வரப்பு நெடுக நகர வேண்டும். குட்டைப் பிடி இருந்தால்தான் பயிர் வெட்டுப்படாது என்றார்கள் பண்ணையார்கள். கூலியாட்கள் வேறு காரணம் சொன்னார்கள்: நிமிர்ந்து நிற்கிறவன் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் 1975இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் திட்டம் உள்ளூர் விவசாயத் தொழிலாளியின் கூலியை அமுக்குகிறது என்று எர்னெஸ்டோ கலார்சா போன்ற சங்கத் தலைவர்கள் 1950கள் முழுக்கக் கத்தினார்கள். கடைசியில் கென்னடி, ஜான்சன் காலத்தில் அது முடிவுக்கு வந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பருவகால ஆட்கள் வெளியே போனார்கள். கூலி ஏற வேண்டும் அல்லவா? கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் மூவரும் பழைய கூலிப் பதிவுகளையெல்லாம் சேகரித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிரசெரோக்கள் நிறைய இருந்த மாநிலங்களையும் ஒருவர்கூட இல்லாத மாநிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். திட்டம் முடிந்த பிறகும் இரண்டிலும் கூலி ஒரே போக்கில்தான் போயிருக்கிறது.

வேலையெல்லாம் எங்கே போயிற்று? தக்காளியைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்பவர் தோல் தடித்த, ஒரே சமயத்தில் பழுக்கிற ரகத்தை உருவாக்கி வைத்திருந்தார். அதைப் பறிக்கிற இயந்திரத்தை கோபி லோரன்சன் குழு கட்டி வைத்திருந்தது. ஆள் மலிவாகக் கிடைத்தவரை அந்த இயந்திரத்தை வாங்கத்தான் ஆளில்லை. 1964க்குப் பிறகு போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் கலிஃபோர்னியாவில் ஆலைக்குப் போகிற தக்காளி கிட்டத்தட்ட முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறிவிட்டது. இயந்திரம் இல்லாத பயிர்களில் சாகுபடியையே குறைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 1965 கோடையில் தொழிலாளர் அமைச்சர் வில்லர்ட் விர்ட்ஸ், பள்ளிக்கூட விளையாட்டு வீரர்கள் 20,000 பேரைத் திரட்டிப் பறிப்பு வேலைக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். வயலில் இறங்கியது அதில் ஒரு சிறு பகுதி. வெயிலையும் தங்குமிடத்தையும் பார்த்துவிட்டு அவர்களிலும் பலர் பாதியில் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வருடம் அந்தப் பேச்சே இல்லை.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். கூலி ஏறிய இடமும் ஒன்று உண்டு. 1965 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியாங் தலைமையில் ஃபிலிப்பினோத் தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் செசார் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து வருடம் இழுத்து, நாடு முழுக்க மக்கள் திராட்சை வாங்குவதையே நிறுத்தி, 1970இல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பிரசெரோ திட்டம் நடப்பில் இருந்திருந்தால் இது சுலபத்தில் முடிந்திருக்காது. வேலைநிறுத்தத்தை உடைக்க ஒப்பந்த ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவது அன்று வழக்கம். ஆகவே கதவை அடைத்தது சங்கத்துக்கு உதவியது உண்மை. ஆனால் கூலியை ஏற்றியது வேலைநிறுத்தம். அதை நடத்தியவர்களிலும் பாதிக்கு மேல் குடியேறிகளோ அவர்கள் பிள்ளைகளோதான்.

சாவேஸை இடதுசாரிகள் பல காலம் கொண்டாடியிருக்கிறார்கள். 1970களில் அவரது சங்கமே, வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த, ஆவணமில்லாத மெக்சிகோக்காரர்களைக் குடியேற்றத் துறையிடம் காட்டிக்கொடுத்தது என்பதை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. இவர்களால் வேலைநிறுத்தம் உடையும் என்ற சங்கத்தின் பயம் பொய்ப் பயமும் இல்லை. ஆவணமில்லாத ஆளை வைத்து உள்ளூர் ஆளை அடிக்க முடியும். அதற்கு வழிவிடுவது சட்டம்தான்.

எப்படி என்றால், 1986 குடியேற்றச் சட்டம் ஆவணமில்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பதைக் குற்றமாக்கியது. ‘தெரிந்தே’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஆள் ஓர் அட்டையை நீட்டுகிறார். பார்த்தால் நிஜம்போல் இருக்கிறது. முதலாளி படிவத்தை நிரப்பிக் கோப்பில் வைக்கிறார். அவர் கடமை முடிந்தது. அந்த ஆள் பின்னால் சங்கம் கட்டக் கிளம்பினால்? கலிஃபோர்னியாவில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் 1989இல் அப்படி ஒருவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். எடுத்தது சட்டவிரோதம் என்று தொழிலாளர் வாரியமே சொன்னது. 2002இல் உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற கணக்கில், ஆவணமில்லாதவர் என்பதால் அவருக்கு இழந்த சம்பளம் கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கு என்பார்கள். இப்படிச் செய்தால் சட்டத்தை மீறும் முதலாளிக்குச் செலவு குறைகிறது என்று நீதிபதி பிரேயர் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது.

மிசிசிப்பியில் கோழி இறைச்சி ஆலை ஒன்றில், ஹிஸ்பானியத் தொழிலாளர்களைத் துன்புறுத்தினார்கள் என்று மத்திய அரசின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. 2018இல் நிறுவனம் 37.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 2019 ஆகஸ்ட் 7 அன்று அந்த மாநிலத்துக் கோழி ஆலைகளில் குடியேற்றத் துறை சோதனை நடத்தியது. 680 பேரைக் கைது செய்தார்கள். சோதனை நடந்த இடங்களில் இந்த நிறுவனத்தின் ஆலையும் ஒன்று. வழக்குக்கும் சோதனைக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் அடுத்த ஊரில் கோழி வெட்டுகிற அமெரிக்கத் தொழிலாளி, பக்கத்தில் நிற்கிறவரோடு சேர்ந்து புகார் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால், அன்றைக்கு என்ன புரிந்துகொண்டிருப்பார்? சோதனை நடந்த அன்று விலங்கு மாட்டப்பட்டது வேலை செய்தவர்களுக்கு. மேலாளர்கள் சிலர் மீது குற்றச்சாட்டு வர ஒரு வருடம் பிடித்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது அமெரிக்காவுக்கும் பொருந்தும்.

இறைச்சித் தொழிலில் குடியேறிகள் வந்துதான் சம்பளம் விழுந்தது என்பார்கள். வரிசையைக் கவனிக்க வேண்டும். ஐபிபி போன்ற புதிய நிறுவனங்கள் ஆலைகளைப் பெருநகரத்திலிருந்து சங்கமில்லாத சிற்றூர்களுக்குக் கொண்டுபோனது முன்பே நடந்தது. பழைய சங்க ஒப்பந்தங்கள் உடைந்தது 1980களில். ஹார்மல் ஆலையின் நீண்ட வேலைநிறுத்தம் 1985-86இல் தோற்றது. லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகு, சம்பளம் இறங்கி உள்ளூர்க்காரர் விலகத் தொடங்கிய வேலைகளுக்கு.

ஆட்களைப் பிடித்து அனுப்பினால் உள்ளூர்க்காரருக்கு வேலை கிடைக்குமா என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2008 முதல், போலீஸ் பிடித்தவர்களின் கைரேகையைக் குடியேற்றத் துறை சரிபார்க்கிற ‘செக்யூர் கம்யூனிட்டீஸ்’ என்ற திட்டம் மாவட்டம் மாவட்டமாக அமலானது. குளோயி ஈஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் அந்த வரிசையை வைத்துப் பார்த்ததில், நாடுகடத்தல் கூடிய இடங்களில் அமெரிக்கக் குடிமக்களின் வேலைவாய்ப்பும் சற்றுக் குறைந்தே இருந்தது. கட்டடத்துக்குச் செங்கல் தூக்குகிறவன் இல்லையென்றால் எலெக்ட்ரீசியனுக்கும் வேலை இல்லை.

இப்போது பண்ணைகளில் பிரசெரோவின் இடத்தில் எச்-2ஏ விசா இருக்கிறது. இதற்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. 2023இல் ஒப்புதல் பெற்ற இடங்கள் 3.7 லட்சத்துக்கு மேல். குறைந்தபட்சக் கூலி, இலவசத் தங்குமிடம் எல்லாம் சட்டத்தில் உண்டு. ஆனால் ஆள் அதே பழைய முறைப்படி ஒரே முதலாளியிடம் கட்டுண்டவர். வட கரோலினாவில் மட்டும் 2004இல் ஒரு வித்தியாசமான காரியம் நடந்தது. ஃப்ளாக் என்ற விவசாயத் தொழிலாளர் சங்கம், ஊறுகாய் நிறுவனம் ஒன்றைப் புறக்கணிக்கச் சொல்லி ஐந்து வருடத்துக்கு மேல் பிரசாரம் நடத்தி, எச்-2ஏ தொழிலாளர்களுக்கே சங்க ஒப்பந்தம் வாங்கித் தந்தது. குறை சொல்ல வழி வந்தது. அடுத்த பருவத்துக்கு யாரை அழைப்பது என்பதில் பணிமூப்பு வந்தது. விசாவும் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான்.

இனி எச்-1பி. இதில் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் நிற்பதால் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும்.

இந்த விசா 1990 சட்டத்தில் வந்தது. வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. உள்ளூர்ச் சம்பளத்துக்குக் குறைத்துத் தரக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உள்ளூர்ச் சம்பளத்தை நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த ஊரில் அந்த வேலை பார்க்கிற நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், முதல் படி கீழிருந்து 17ஆவது ஆளின் சம்பளம், இரண்டாம் படி 34ஆவது ஆளின் சம்பளம். மூன்றாவது படியில்தான் நடு ஆளையே தொடுகிறோம். 2019இல் சான்றளிக்கப்பட்ட இடங்களில் 60% முதல் இரண்டு படிகளில் இருந்தன என்று பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வமைப்பு கணக்கிட்டது. புதிதாகப் படித்து வருகிறவர்கள் அதிகம் என்பது இதற்கு ஓரளவு காரணம்தான். முழுக் காரணம் அதுவாக இருக்க முடியாது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. எச்-1பி ஆட்களையே பெரிதும் நம்பி இருக்கும் நிறுவனங்கள், அமெரிக்கரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இவர்களை வைக்க மாட்டோம் என்று உறுதி தர வேண்டும் என 1998இல் விதி வந்தது. ஆனால் அந்த ஆளுக்கு 60,000 டாலர் சம்பளமோ முதுகலைப் பட்டமோ இருந்தால் விதியிலிருந்து விலக்கு. 1998இல் 60,000 நல்ல சம்பளம். அந்தத் தொகையை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. 2014 கடைசியில் ஆர்லாண்டோவில் டிஸ்னியின் கணினிப் பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை போகிறது என்று அறிவித்தார்கள். தங்கள் இடத்துக்கு வருகிற இந்தியர்களுக்கு அவர்களே வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. வழக்குப் போட்டார்கள்; சட்டம் மீறப்படவில்லை என்று 2016இல் தள்ளுபடியானது. அவர்கள் கோபத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்க என்னால் முடியாது.

மறுபக்கம், வந்த நம் ஆளின் நிலை. 2000 முதல் நிறுவனம் மாற வழி உண்டு. பிரசெரோ மாதிரி கட்டுண்டவர் இல்லை. ஆனாலும் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7%க்கு மேல் இல்லை என்பதால் இந்தியர் வரிசை பல பத்தாண்டு நீளம். அது பாதியில் இருக்கும்போது யார் மேனேஜரிடம் சம்பளம் பற்றி வாய் திறப்பார்? ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். சிறு கன்சல்டன்சிகளில் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு நடக்கிறது என்று.

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அறிவித்த ஒரு லட்சம் டாலர், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுகிறவர்களுக்கான மனுக்களுக்கு. ஏற்கெனவே இருப்பவர்களின் நீட்டிப்புக்கு இல்லை. மலிவாக ஆள் எடுக்கிற நிறுவனங்களுக்கு இது வலிக்கும். அது நல்லதுதான் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிராமப்புற மருத்துவமனைக்கும் வலிக்கும், அதை நியாயப்படுத்துவது கஷ்டம். ஆனால் வேலை அமெரிக்கருக்குப் போகுமா என்றால், நிறையப் போகாது என்றே நினைக்கிறேன். முன்பு எச்-1பி இறுக்கப்பட்டபோது பன்னாட்டு நிறுவனங்கள் என்ன செய்தன என்று பிரிட்டா கிளென்னன் ஆராய்ந்தார். இந்தியா, சீனா, கனடாவில் உள்ள தங்கள் கிளைகளில் ஆள் சேர்த்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் வருடா வருடம் முளைக்கிற அமெரிக்க நிறுவனங்களின் மையங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தச் சம்பளப் படிகளும் 60,000 டாலர் விலக்கும் அதனால் மாறிவிடாது. அவற்றைத் திருத்தி, அமெரிக்கரை நீக்கிவிட்டு எச்-1பி ஆளை வைப்பதை எல்லா நிறுவனங்களுக்கும் தடை செய்ய ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினும் குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லியும் சேர்ந்து 2007இல் செனட்டில் மசோதா கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் பலமுறை கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தடவைகூட நிறைவேறவில்லை.